முறிகண்டியில் இறுகிய ஸ்டியரிங்

எங்கள் வீட்டு டொயோட்டா கரோலா 110 கடந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முனகத் தொடங்கியது. காலையில் கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் இருந்து புறப்பட்டு, ஒழுங்கை முடியும் இடத்தில் பெரிய வீதிக்கு ஏறுவதற்காக ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டும்போது பொனட்டுக்குள் மெல்லிய ஊளை ஒன்று எழும்; ஸ்டியரிங் நேரானதும் அடங்கிவிடும். முதல் இரண்டு கிழமையும் அதைக் கேட்டும் கேளாதவள்போல இருந்தேன். விவசாயப் போதனாசிரியராக அக்கராயன், ஸ்கந்தபுரம், ஜெயபுரம், முழங்காவில் என்று நாளாந்தம் கிறவல் வீதிகளில் ஓடித் திரிகிற எனக்கு, 25 வயதைக் கடந்த ஒரு கார் ஏதோவொரு சத்தம் போடுவது புதினமான செய்தி அல்ல. பத்து நிமிடம் ஓடியதும் சத்தம் குறைந்துவிடும். குறைந்ததை நான் குணமானதாக எடுத்துக்கொண்டேன்.

அலட்சியத்துக்கு அப்பாவும் ஒரு காரணம். ஒஸ்ரின் ஏ-40 காரில் ஓட்டம் பழகியவர் அவர். தொண்ணூறுகளில், பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த வன்னியில், சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர். "ஸ்டியரிங் எண்டால் பாரமாத்தான் இருக்கும், நீங்கள் எல்லாரும் ஒரு விரலால ஓடிப் பழகிட்டியள்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகைக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். விற்பனைக்கு வந்த கார்களில் முதன்முதலில் பவர் ஸ்டியரிங் பூட்டப்பட்டது 1951 இல், அமெரிக்காவின் கிரைஸ்லர் இம்பீரியலில். அப்பாவின் ஒஸ்ரினும் ஏறத்தாழ அந்தக் காலத்துப் பிறவிதான் என்றாலும் அதற்கு அந்த வசதி கிடையாது. அதற்குப் பதிலாக அகன்ற வட்டமும், அதிக சுற்றுச் சுற்றினால்தான் சில்லுத் திரும்பும் அமைப்பும் அதில் இருந்தன. பவர் ஸ்டியரிங்கை நம்பிக் குறைந்த சுற்றில் திரும்பும்படி செய்யப்பட்ட காரில் அந்த உதவி நின்றுபோனால், அது ஒஸ்ரினைவிடப் பாரமாகிவிடும் என்பதை அப்பா அறிந்திருக்கவில்லை. அப்போது நானும் அறிந்திருக்கவில்லை.

எங்கள் காரில் இருப்பது ஒயிலால் இயங்கும் பவர் ஸ்டியரிங். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பெல்ட் ஒன்று பம்பைச் சுழற்றுகிறது. பம்பின் உள்ளே, நீள்வட்டமான எஃகு வளையம் ஒன்றுக்குள் ஓர் உருளை சுழல, அதன் பிளவுகளில் செருகப்பட்டிருக்கும் மெல்லிய தகடுகள் வெளியே தள்ளப்பட்டு, வளையத்தின் சுவரை உரசியபடி ஒயிலை வழித்துத் தள்ளுகின்றன. ஒயில் தாங்கியில் இருந்து ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக ஒயில் பம்புக்குள் இறங்குகிறது, இன்னொரு தடித்த ஹோஸ் வழியாக அழுத்தத்தோடு சில்லுகளைத் திருப்பும் பகுதிக்குப் போகிறது, அங்கிருந்து மீண்டும் தாங்கிக்கு வருகிறது. ரயருக்கு நாங்கள் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவில் காற்றடிக்கிறோம்; ஸ்டியரிங்கை முழு லொக் வரை, அதாவது அதற்கு மேல் திரும்பாத எல்லை வரை, வெட்டிப் பிடிக்கும்போது பம்ப் கொடுக்கும் அழுத்தமோ பெரும்பாலான கார்களில் 1,000 இறாத்தலை ஒட்டியும் அதைத் தாண்டியும் போகும். இவ்வளவு வேலையையும் செய்கிற பம்புக்கு வேறு மசகு எதுவும் கிடையாது. அது தள்ளும் ஒயிலேதான் அதன் அச்சையும் தகடுகளையும் தேயாமல் காக்கிறது. ஆகவே ஒயில் குறைந்தாலோ, ஒயிலுக்குள் காற்றுப் புகுந்தாலோ, பம்ப் முதலில் சத்தம் போடும். ஸ்டியரிங் பாரமாவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வவுனியாவுக்குப் போய்த் திரும்பும்போது, வழக்கம்போல முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தினோம். தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், எங்கள் காருக்கு முன்னால் ஒரு டொல்பின் வான், பின்னால் யாழ்ப்பாணம் போகும் பஸ். முன்னும் பின்னுமாக நாலைந்து தரம் வெட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். இரண்டாம் வெட்டில் ஸ்டியரிங் திடீரென்று இறுகியது. நான் பலத்தைக் கூட்டிய மறுகணமே இளகியது. பிறகு மீண்டும் இறுகியது. உள்ளே எதுவோ பிடித்துப் பிடித்து விடுவதுபோல வட்டம் என் கைக்குள் துடித்தது. அதோடு கன்றை இழந்த மாடு கதறுவதுபோல ஒரு சத்தம். "தங்கச்சி, காருக்கு என்ன, வயித்துவலியோ?" என்று கச்சான் விற்கும் அம்மா கேட்டதும் பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வீடு வந்து பொனட்டைத் திறந்தபோது, தாங்கியின் மூடியைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறத்தில் நுரை வழிந்து காய்ந்திருந்தது. அந்த நுரை ஒன்றே போதிய சாட்சியமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை.

மறுநாள் நான் கொண்டுபோன கராஜில் பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒரு தரம் வெட்டிப் பார்த்துவிட்டு, பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய கார்களுக்கும் அவற்றின் உதிரிப்பாகங்களுக்கும் ஏறிய விலை இன்னும் இறங்கி வரவில்லை. புதிய பம்ப் வாங்கும் நிலையில் நான் இல்லை; பாவித்த பம்ப் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டித் தந்தார்கள். கழற்றிய பம்பை ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். அதை வாங்கி வந்ததுதான் இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம்.

மூன்று கிழமை கார் அமைதியாக ஓடியது. ஒக்டோபரில், காலபோக விதைப்பு வேலைகள் மும்முரமாக நடந்த நாள்களில், பூநகரிப் பக்கம் போய் வெயிலில் வந்து நின்றபோது பழைய ஊளை திரும்பியது. இம்முறை அது நேராக ஓடும்போதும் அடங்கவில்லை. அக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும்.

பரந்தன் பக்கத்தில் இன்னொருவரிடம் கொண்டுபோனேன். அறுபதைக் கடந்தவர், தடைக்காலத்தில் மண்ணெண்ணெய் எஞ்சின்களோடு மல்லுக்கட்டியே தொழில் பழகியவர். கராஜ் என்று சொல்ல ஒரு வேப்பமரமும் நாலு தகரமும்தான். அவர் முதலில் எந்தச் சாவியையும் கையில் எடுக்கவில்லை. ரயர்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டுக் காற்றைச் சரிபார்க்கச் சொன்னார். முன் ரயரில் காற்றுக் குறைந்திருந்தாலே ஸ்டியரிங் பாரமாகிவிடும், அதற்கும் பம்பைப் பழி சொல்லுகிறவர்கள் உண்டாம். பிறகு எஞ்சினை ஓடவிட்டுத் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தார். ஒயில் தெரியவில்லை, பால்தேநீரைத் தூக்கி ஆற்றியதுபோலக் குமிழிகள்தான் தெரிந்தன. எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு விரலால் காட்டினார். மட்டம் கண்முன்னே உயர்ந்தது. எஞ்சின் ஓடும்போதும் நின்ற பிறகும் ஒயில் மட்டத்தில் இருக்கும் வித்தியாசம் டொயோட்டாவின் கணக்குப்படி 5 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. எங்கள் காரில் அது ஒரு விரல் அகலத்துக்கு ஏறியது. ஓடும்போது அழுத்தத்தில் நசுங்கிக் கிடக்கும் காற்று, எஞ்சின் நின்றதும் விரிந்து ஒயிலை மேலே தள்ளுவதால் வரும் ஏற்றம் அது.

"பிள்ளை, இந்தப் பம்புக்கு மூச்சு முட்டுது. முதல் பம்புக்கும் இதுதான் நடந்திருக்கும்" என்றார்.

தாங்கியில் இருந்து பம்புக்கு இறங்கும் அந்த ரப்பர் ஹோஸைக் கழற்றிக் காட்டினார். வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. கிளிப் பிடித்திருந்த நுனியை அவர் வளைத்தபோது, ரப்பர் காய்ந்த முருங்கைக்காய்போல நெடுக்காக வெடித்திருந்தது தெரிந்தது. எஞ்சின் வெக்கையில் 25 ஆண்டு வெந்த ரப்பர் மென்மையை இழந்து மரமாகிவிட்டது. இந்த ஹோஸில் பம்ப் உறிஞ்சுகிறதே தவிர அழுத்தம் கொடுப்பதில்லை. எனவே வெடிப்பு இருந்தாலும் ஒயில் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகும். நிலத்தில் ஒரு துளியும் இல்லாமல் பவர் ஸ்டியரிங் கதறுவதற்கு இது ஒரு பொதுவான காரணம். தாங்கியின் அடியில் இருக்கும் சிறு வலையையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பாதிக்கு மேல் கருப்பு ரப்பர்த் துகள்கள் அடைத்திருந்தன. முன்னைய கராஜில் பம்பை மாற்றியவர்கள் ஹோஸையும் வலையையும் தொடவில்லை, பழைய ஒயிலையே திரும்ப ஊற்றியிருந்தார்கள். கிளிப்பை இறுக்கிப் பூட்டியதால் மூன்று கிழமை காற்றுப் புகாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஹோஸை மாற்றி, வலையைக் கழுவி, புதிய டெக்ஸ்ரோன் 3 ஒயில் விட்டு, முன் சில்லுகளை ஸ்ராண்டில் உயர்த்தி, எஞ்சினை ஓடவிடாமலே ஸ்டியரிங்கை ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு மெதுவாக இருபது தரத்துக்கு மேல் சுற்றிக் காற்றை வெளியேற்றினோம். குமிழி போனது. பிடித்துப் பிடித்து விடும் துடிப்பும் போனது. ஆனால் காரை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து நிறுத்தி வெட்டியபோது ஸ்டியரிங் இன்னும் பாரமாகவே இருந்தது, மெல்லிய ஊளையும் கேட்டது. பூட்டிய பாவித்த பம்ப் உண்மையிலேயே பழுது என்பது அப்போதுதான் தெளிவானது. ஆக, ஒரே காரில், பழுதானதுபோலத் தோன்றிய ஒரு பம்பையும் உண்மையில் பழுதான ஒரு பம்பையும் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இரண்டின் அறிகுறிகளும் எங்கே பிரிந்தன என்பதை எழுதிவைப்பதற்காகவே இந்தப் பதிவு.

காற்றை உறிஞ்சும் பம்ப் காலையில் அதிகம் முனகும். ஒயில் குளிர்ந்து தடித்திருப்பதால் உறிஞ்சுவது கடினமாகிக் காற்று கூடுதலாக இழுபடுகிறது, சூடானதும் சத்தம் குறைகிறது. குளிர் நாடுகளில் காலைச் சத்தத்தைப் பனியின் கணக்கில் எழுதிவிடலாம். தை மாதத்துக் காலையிலும் கம்பளிச் சட்டை தேவைப்படாத வன்னியில் அந்தச் சாட்டு எடுபடாது. தேய்ந்த பம்ப் இதற்கு எதிர்மாறாக நடந்துகொள்கிறது. காலையில் ஸ்டியரிங் பூப்போலத் திரும்பும். முப்பது கிலோமீற்றர் ஓடி, ஒயில் சூடேறி நீர்த்துப்போனதும், தேய்ந்த தகடுகளுக்கும் வளையத்துக்கும் இடையிலான இடைவெளியால் அது பின்னோக்கிக் கசிந்து அழுத்தம் விழுகிறது. காற்றுப் புகுந்த ஸ்டியரிங் விட்டு விட்டு இறுகும். தேய்ந்த பம்பின் ஸ்டியரிங் ஒரே சீராகப் பாரமாக இருக்கும். இந்த இரண்டு வித்தியாசத்தையும் கையும் காதும் கவனித்தால் வேறு கருவி இல்லாமலே பாதி வழி போய்விடலாம்.

மீதி வழிக்கு அவர் காட்டிய சோதனை எளிமையானது. காரைத் தட்டையான நிலத்தில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் மெல்ல ஓடும் நிலையில் ஸ்டியரிங்கை வெட்ட வேண்டும். பிறகு அக்சிலேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 1,500 சுற்று அளவில் பிடித்துக்கொண்டு அதையே செய்ய வேண்டும். மெல்ல ஓடும்போது பாரமாகவும் வேகம் கூட்டியதும் இலகுவாகவும் இருந்தால், பம்ப் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் பெல்ட் வழுக்குகிறது. தேய்ந்த பம்ப் மெல்லச் சுழலும்போது தேவையான ஒயிலைத் தள்ள முடியாமல் திணறி, வேகமாகச் சுழலும்போது எப்படியோ சமாளித்துவிடுகிறது. ஏ-9 நெடுஞ்சாலையில் நேராக ஓடும்போது பழுது தெரியாமல், சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்த இடம் தேடும்போது மட்டும் மாட்டிக்கொள்வது இதனால்தான். வேகம் கூட்டியும் பாரம் குறையவில்லை என்றால் பம்பை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் வெட்டும்போது மட்டும் பாரம் என்றால் குற்றம் பெரும்பாலும் சில்லைத் திருப்பும் பகுதியில் இருக்கும். பம்புக்கு இடமும் வலமும் தெரியாது. அழுத்தமானியைப் பூட்டி அளப்பதே இறுதியான சோதனை. நான் போன இரண்டு இடத்திலும் அந்த மானி இல்லை; வைத்திருப்பவர்களும் மானியோடு வரும் வால்வை 10 விநாடிக்கு மேல் மூடிப் பிடிக்கக்கூடாது, பிடித்தால் சோதனையே பம்பை முடித்துவிடும்.

பெல்ட்டின் சத்தம் வேறு, பம்பின் சத்தம் வேறு. பெல்ட் வழுக்கினால் கீச்சென்று கூரிய சத்தம், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதும் முழு லொக்கில் வெட்டும்போதும், சில விநாடிகளுக்கு மட்டும் வரும். பம்பின் ஊளை அடித்தொண்டையில் இருந்து வருவது, நீடிப்பது. ஓடும் பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தால் பெல்ட்டின் கீச்சொலி உடனே மாறும், பம்பின் ஊளை மாறாது. சேலைத் தலைப்போ, சால்வையோ, அவிழ்ந்த கூந்தலோ பெல்ட்டுக்குக் கிட்டப் போகாதபடி பார்த்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். எஞ்சின் நின்ற நிலையில் பெல்ட்டின் நீளமான பகுதியைப் பெருவிரலால் அமுக்கினால் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்கலாம். கைப்பிடிக் கயிறுபோல ஊஞ்சலாடினால் இறுக்க வேண்டும், உட்புறம் கண்ணாடிபோலப் பளபளத்தால் மாற்ற வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் குளங்கள் வான்பாய்ந்து வீதிக்கு மேலால் தண்ணீர் போகும்போது, அதற்குள்ளால் ஓட்டி ஏறியதும் ஸ்டியரிங் சட்டென்று பாரமாகி, கீச்சிட்டு, சற்று நேரத்தில் தானாகச் சரியானால், பெல்ட் நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். சரியாகவே இல்லை என்றால் பெல்ட் கழன்று விழுந்திருக்கலாம். பொனட்டைத் திறந்து பார்க்காமல் மேலும் ஓட்டக்கூடாது. இன்னொரு குழப்பம் சில்லின் பெயாரிங். அதன் இரைச்சல் கார் ஓடும் வேகத்தோடு கூடிக் குறையும். பம்பின் ஊளையோ, கார் நிற்கும்போதும் அக்சிலேட்டரை மிதித்தால் கூடும்.

ஒயிலின் நிறத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட முடியாது, ஏனெனில் அதை வீட்டில் எவரும் பார்த்துவிடலாம். ஒரு வெள்ளைத் துணியில் ஒரு துளி விட்டால் போதும். புது ஒயில் மாதுளைச் சாறுபோலத் தெளிந்த சிவப்பு. மண்ணிறமாகிக் கருகல் மணம் வந்தால் அது வெந்து பழசாகிவிட்டது. இளஞ்சிவப்பும் நுரையும் காற்றுக்கு அடையாளம். பூட்டிய பாவித்த பம்பின் ஒயிலை நாங்கள் துணியில் விட்டபோது, கருஞ்சாம்பல் கறைக்குள் நெற்றியில் பூசும் சாந்தில் மினுக்கம் கலந்ததுபோல மிக நுண்ணிய பொடி மின்னியது. அது உலோகம், வளையமும் தகடுகளும் அரைபட்டு வந்தது. இந்த மினுக்கம் தெரிந்த பிறகு ஹோஸை மாற்றி, கிளிப்பை இறுக்கி என்று எதைச் செய்தும் பம்பைக் காப்பாற்ற முடியாது. அது அனுப்பிய பொடி மற்றப் பகுதிகளையும் அரைக்கத் தொடங்குவதற்கு முன்பு மாற்றிவிடுவதே மேல்.

கசிவைக் கண்டுபிடிக்க எங்கள் ஊர்ச் செம்மண் நல்ல துணை. நாள்தோறும் கிறவல் புழுதியில் ஓடும் காரில், ஒயில் கசியும் இடத்தில் மட்டும் புழுதி ஒட்டி, ஈரமான செங்கல் நிறத்தில் கட்டியாக உறைந்திருக்கும். சுற்றிலும் உள்ள இடம் உலர்ந்த தூளாக இருக்கும். பம்பின் கப்பிக்குப் பின்னால் அந்தக் கட்டி இருந்தால் அச்சின் சீல் கசிகிறது. ஹோஸ் பூட்டில் இருந்தால் அங்கேயுள்ள சீல் வளையம் கசிகிறது. எஞ்சின் ஓடும்போது அழுத்த ஹோஸைக் கையால் தடவிக் கசிவு தேடக்கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், சூடான புகைக்குழாயில் பட்டால் தீயும் பிடிக்கும். எங்கேயும் கட்டி இல்லை, நிலத்தில் துளி இல்லை, நுரையும் இல்லை, ஆனால் தாங்கியில் ஒயில் குறைந்துகொண்டே போகிறது என்றால், எங்கள் வகைப் பழைய டொயோட்டாக்களில் ஒரு விசேடமான இடத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் வெட்டும்போது எஞ்சின் சுற்று விழாமல் தூக்கிவிடுவதற்காகப் பம்பின் மேல் ஒரு சிறு வால்வும் அதிலிருந்து எஞ்சினின் காற்றுப் பாதைக்குப் போகும் மெல்லிய ஹோஸ்களும் இருக்கும். அந்த வால்வு பழுதானால் எஞ்சின் பவர் ஸ்டியரிங் ஒயிலை உறிஞ்சிக் குடித்து, வெள்ளைப் புகையாக வெளியே விடும். எஞ்சின் றிங் போய்விட்டது என்று பயந்து எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்பு அந்த மெல்லிய ஹோஸைக் கழற்றி உள்ளே ஒயில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

பக்கத்து வீட்டுத் தம்பி தன் வாகன்ஆர் காரின் ஸ்டியரிங் இறுகுகிறது, எந்த ஒயில் விட வேண்டும் என்று என்னிடம் கேட்டார். அவரது காரில் பம்பும் இல்லை, ஒயிலும் இல்லை. வாகன்ஆர், அக்வா, பிரியஸ் போன்றவற்றில் மின்மோட்டார்தான் ஸ்டியரிங்குக்கு உதவுகிறது. அங்கே பழுது வந்தால் டாஷ்போர்டில் ஸ்டியரிங் படம் போட்ட விளக்கு எரியும். முதலில் பற்றரியைப் பார்க்க வேண்டும், பிறகு கணினி வைத்துப் பார்ப்பவரிடம் போக வேண்டும்.

ஒயில் கிடைக்காத இடத்தில் பிரேக் ஒயிலை விட்டுச் சமாளிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அது ஒயிலே அல்ல. பவர் ஸ்டியரிங்கின் ரப்பர் சீல்களை ஊதிப் பெருக்கச்செய்து கெடுத்துவிடும். ஹொண்டா கார்களுக்கு அந்த நிறுவனத்தின் தனி ஒயில் இருக்கிறது, சில ஐரோப்பியக் கார்களுக்குப் பச்சை நிற ஒயில். சிவப்பை அவற்றோடு கலக்கக்கூடாது. மூடியைத் திறக்கும் முன்பு சுற்றியுள்ள புழுதியைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும், கிறவல் மண் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் அந்தத் தகடுகளுக்கு அது அரத்தாள். முழு லொக்கில் வெட்டியபடி 10 விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கும் இருந்த கெட்ட பழக்கம். அப்போது கேட்கும் 'ஸ்ஸ்' என்ற சத்தம் பழுதல்ல, மிகையான அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு திறக்கும் ஓசை. ஆனால் அந்த நேரத்தில் ஒயில் பம்புக்குள்ளேயே சுழன்று கொதிக்கிறது.

பரந்தன் அண்ணை வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து இரண்டு பம்புகளையும் அடுத்தடுத்துப் பிரித்தார். பாவித்த பம்பின் வளையத்தின் உட்சுவர், அரிவாள் தீட்டிய கல்போலக் கோடு கோடாக உழப்பட்டிருந்தது. தகடுகளில் இரண்டின் விளிம்பு மழுங்கியிருந்தது. வரும்போதே அப்படித்தான் வந்ததா, மூன்று கிழமை காற்றையும் துகளையும் குடித்து அப்படி ஆனதா என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை. சொப்பிங் பையில் இருந்த பழைய பம்பை, எங்கள் காரோடு ஜப்பானில் இருந்து வந்த அதே பம்பை, பிறகு திறந்தார். வளையத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் தடவினேன். எவர்சில்வர்க் குவளையின் உட்புறம்போல வழுவழுவென்று இருந்தது.

அதற்கு ஒரு சீல் செட் மட்டும் வாங்கிப் போட்டு மீண்டும் பூட்டினார். இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் துடைத்துத் திறந்து, ஒயில் மட்டத்தைப் பார்த்து, டாஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கும் கொப்பியில் குறித்துக்கொள்கிறேன். கடைசி நாலு ஞாயிறும் மட்டம் அசையவில்லை. முறிகண்டியில் கச்சான் அம்மா காரைக் கண்டதும் இன்னமும் வயிற்றுவலியைத்தான் விசாரிக்கிறார்.